என் டூட்டிக்குப் போனவன்

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே சுகமாயிருக்கிறேன். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? தென்காசி டாக்டரிடம் போனீர்களா?

டிவியில் பனிச்சரிவு என்று பார்த்துப் பயந்திருப்பீர்கள். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஈஸ்டர் ஆராதனைக்காக மலையிலிருந்து கீழே முகாமுக்கு வந்திருந்தேன். அன்று மேலே காவல் என்னுடைய முறைதான். வடகரை இசக்கிதுரை, "ஏலே, நீ கோயிலுக்குப் போ. ஒன் டூட்டிய நான் பாத்துக்கிடுதேன்" என்றான். மூன்றாம் நாள்தான் பனிக்குள்ளிருந்து அவனை எடுத்தார்கள். உயிர் இல்லை.

அஞ்சலியில், ஊர்க்காரன் என்று மேஜர் என்னையும் ஜெபிக்கச் சொன்னார். "எனக்காக உயிரைக் கொடுத்தவரே" என்று ஆரம்பித்தேன். சிறு வயதிலிருந்து சொல்லும் வார்த்தைதான். ஆண்டவரை நினைத்துத்தான் சொன்னேன். கண்ணுக்குள் வந்தது இசக்கிதுரை முகம். அதோடு "ஆமென்" சொல்லி முடித்துவிட்டேன். இது பாவமா அம்மா? போதகரிடம் கேட்டு எழுதுங்கள். கேட்டது நான் என்று சொல்ல வேண்டாம்.

கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் அனுப்புங்கள். அவனும் கேட்பான் என்று பெரிய பாட்டிலாக எழுதப் போனேன். சின்னது போதும்.

வடகரைக்குப் போய் அவன் அம்மா உலகம்மாளைப் பாருங்கள். அவர்கள் சுடலைமாடனைக் கும்பிடுகிறவர்கள். ஜெபம் பண்ணலாமா என்று கேட்டுவிட்டுப் பண்ணுங்கள். டூட்டி மாறியது அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் சொல்லிவிடாதீர்கள். லீவில் வந்து நான்தான் சொல்ல வேண்டும்.

தபால் வண்டிக்காரர் கூப்பிடுகிறார்.

உங்கள் மகன்,
செல்வின்