படத்தில் பார்த்த டேலில்லி

பிப்ரவரி 9, ஞாயிறு

மலையில் பனி இன்னும் விலகவில்லை. ஆஸ்பத்திரியில் எனக்கு இன்று லீவு. காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது, பால்காரர் தனபால் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. குரல் கட்டிக்கொண்டு வந்தது. கணவர் முரளி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். மகள் கவிதாவும் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஊசி போடும்போது நோயாளிகளிடம் பேசுவதோடு சரி.

போன் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். சேந்தமங்கலத்தில் மொட்டைமாடியில் செடி வளர்த்து விற்கிற ஜுலைகா பீவி என்பவரின் பக்கம் வந்தது. டேலில்லி என்று ஒரு பூச்செடி. ஒரு பூ ஒரு நாள்தான் நிற்குமாம். மறுநாள் அடுத்த மொட்டு விரியுமாம். வாசலில் வைக்கலாமா?

பிப்ரவரி 11

வாட்ஸப்பில் படங்கள் கேட்டேன். மஞ்சள், ஆரஞ்சு, ஊதா, நடுவில் கருஞ்சிவப்பு வளையம் போட்ட பீச் பழ நிறம். "இந்த ஊதா நிஜமாகவே இவ்வளவு ஊதாவா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. அது காலைல எடுத்தது. உச்சி வெயில்ல வெளுத்துப்போகும். படத்தை நம்பி வாங்கிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீங்க" என்று எழுதினார்.

சிரித்துவிட்டேன். சத்தமாக.

பிப்ரவரி 16

ஊதா வேண்டாம். பீச்சா, மஞ்சளா?

பிப்ரவரி 20

இதழோரச் சுருக்கம் தெரியவில்லை, கிட்டத்தில் எடுத்து அனுப்புங்கள் என்றேன். அனுப்பினார். படத்தின் ஓரத்தில் அவர் விரல், மருதாணி மங்கிய நகம். கூடவே, "சாப்பிட்டீங்களா?" என்று ஒரு வரி. அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். என்ன சமைத்தேன், மலையில் எவ்வளவு குளிர், எல்லாம் எழுதினேன்.

பிப்ரவரி 24

பீச்தான். அது முதல் நாளே தெரியும். பின்னே ஏன் இன்னும் படம் கேட்கிறேன்? வாங்கிவிட்டால் அப்புறம் எதைச் சொல்லிப் பேசுவது?

மார்ச் 2

அவர் எண்ணிலிருந்து ஒரு ஆண்குரல். மகன் நவ்ஷாத்தாம். "அக்கா, எடுக்கறதுன்னா எடுங்க, இல்லாட்டி விட்டுருங்க. நீங்க கேக்கற ஒவ்வொரு படத்துக்கும் அம்மா முட்டி வலியோட மாடி ஏறுது."

கூசிப்போய்விட்டேன். அய்யோ, என்னைப் பத்தி என்ன நெனச்சிருப்பாங்க? பொழுது போகாம தொல்லை பண்றாளேன்னுதானே? பீச் ஒன்று போதும் என்று ஆர்டர் போட்டுவிட்டேன்.

மார்ச் 7

பார்சல் வந்தது. பழைய பேப்பரில் சுற்றிய வேர், கட்டையாக நறுக்கிய இலை. வாசலில் நட்டுவிட்டு, "வந்து சேர்ந்தது" என்று எழுதினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம்.

ஏப்ரல் 13

செடியிலும் ஒன்றுமில்லை, போனிலும் ஒன்றுமில்லை.

மே 29

பூத்துவிட்டது. பீச் இல்லை, வளையமும் இல்லை. வெறும் ஆரஞ்சு. கோபம் வரவில்லை. முதலில் தோன்றியது என்ன தெரியுமா — பேச ஒரு காரணம் கிடைச்சிருச்சு. ச்சே.

குறை சொன்னால் மறுபடி அந்தப் பையன் பேசுவானோ? படத்தோடு, "உங்கள் செடி பூத்தது. அழகாக இருக்கிறது" என்று மட்டும் அனுப்பினேன்.

உடனே போன் அடித்தது. முதல் தடவையாக அவர் குரல். "ஏனுங்க, இது நீங்க கேட்டதே இல்லையே! மாத்தி அனுப்பிட்டேன். ஏன் சொல்லல?"

"பரவால்லீங்க அக்கா."

"பையன் உங்ககிட்ட பேசினதை அப்புறந்தான் கேட்டேன், திட்டிட்டேன். நானா எழுதினா, செடி விக்க வாராள்னு நெனைப்பீங்களோன்னு சும்மா இருந்துட்டேன் கண்ணு. நீங்க படம் கேக்கறதை நிறுத்தினதுல இருந்து மாடிக்குப் போகவே பிடிக்கல" என்றார். ஞாயிற்றுக்கிழமை சரியான செடியைத் தானே கொண்டுவருகிறாராம்.

ஜூன் 1, ஞாயிறு

வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முகம் வெளிறியிருந்தது. மலை வளைவு ஒத்துக்கொள்ளவில்லை, வழியெல்லாம் வாந்தி. செடியை மட்டும் கீழே வைக்காமல் பிடித்திருந்தார். "செத்த நேரம் படுத்துக்கறேன் கண்ணு" என்று என் கட்டிலில் சாய்ந்தவர்தான். எலுமிச்சைத் தண்ணீர் கலந்து கொண்டுபோவதற்குள் தூங்கிவிட்டார். லேசான குறட்டை. கவிதாவின் போர்வையை எடுத்துப் போர்த்தினேன்.

பேச எவ்வளவோ வைத்திருந்தேன். சத்தம் வராமல் இரண்டு பேருக்குச் சோறு வைத்தேன்.

பொழுது சாயும் நேரம், கீழே போகிற கடைசி பஸ் ரோட்டில் ஹார்ன் அடித்தது. எழுப்பியிருந்தால் ஏற்றிவிட்டிருக்கலாம். எழுப்பவில்லை. பஸ் சத்தம் தேய்ந்த பிறகு அவர் போனிலிருந்தே நவ்ஷாத்துக்கு எழுதினேன்: "அம்மா இங்கதான் தம்பி, தூங்கறாங்க. நாளைக்கு அனுப்பி வைக்கறேன்."