ஒரு நேரத்தில் ஒருவர்

கோவில்பதாகை, ஆவடி
8 செப்டம்பர் 2024

அன்புள்ள ஜெபா,

நீ ஃபின்லாந்து போய்ச் சேர்ந்து ஒரு மாதமாகிறது. வாட்ஸப்பில் நீ போடும் படங்களை எல்லாம் பார்க்கிறேன். பதில் போட உட்கார்ந்தால் வகுப்பு மணி அடித்துவிடுகிறது. உன் வாய்ஸ் மெசேஜை ஸ்டாஃப் ரூமில் போட்டால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். அதனால் மெயிலில் இப்படிக் கடிதமாகவே எழுதிவிடலாம் என்று இருக்கிறேன். நீயும் அப்படியே எழுது.

உன் இரண்டாம் ஆண்டு வகுப்பை எடுக்கத் தொடங்கிவிட்டேன். முதல் நாளே சந்தோஷ் எழுந்து, "மேம், ஜெபா மேம் ஃபாரின்ல செட்டில் ஆயிட்டாங்களாமே, எங்க இன்டர்னல் மார்க்கு இன்னா ஆவும்?" என்று கேட்டான். "எங்கிட்டதான்டா கீது, குந்து" என்றேன். வகுப்பே சிரித்துவிட்டது. அதற்குப் பிறகு தொல்லையில்லை. வியாழக்கிழமைதான் கஷ்டம். காலையில் உன் லேப், மதியம் என் லேப். நடுவில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க நேரமிருப்பதில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் கல்லூரி முதல்வர் நம் இருவரையும் அறையில் நிற்கவைத்துச் சொன்னதுதானே: "ஒரு நேரத்துல ஒருத்தர்தான்மா. போறவங்க வேலையை இருக்கறவங்க பார்த்துக்கணும். புது ஆள் போட மேனேஜ்மென்ட் ஒத்துக்காது." உனக்கு ஃபெலோஷிப் முதலில் வந்தது, நீ போனாய். ஜூலையில் நீ திரும்பி வந்ததும் நான் கிளம்ப வேண்டும். எனக்குக் கிடைத்தால்தான்.

விண்ணப்பத்தை வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டேன். போர்ச்சுகல். முலாம் பூசும் பட்டறைகளின் கழிவுநீரிலிருந்து குரோமியத்தைப் பிரித்தெடுக்கும் என் பழைய வேலைதான். அங்குள்ள பேராசிரியை என்னைச் சேர்த்துக்கொள்ள விருப்பம் தெரிவித்து எழுதிவிட்டார். வயது என்ன என்று அவர்கள் கேட்கவில்லை. முனைவர் பட்டம் பெற்று ஐந்து வருடத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு வரும் அக்டோபரோடு ஐந்து வருடம் முடிகிறது. இந்த முறை தவறினால் இனி விண்ணப்பிக்கவே முடியாது. நாற்பத்து நான்கு வயதில் என்னை 'ஆரம்பநிலை ஆய்வாளர்' என்று எழுதிக்கொண்டபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வேளைக்குச் சாப்பிடு. ரொட்டியே தின்றுகொண்டு இருக்காதே.

அன்புடன்,
நாகவல்லி


ஓலு, ஃபின்லாந்து
29 செப்டம்பர் 2024

பிரியமுள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். இங்கே தமிழ் கேட்க வேறு வழியில்லை.

முதல் மூன்று வாரம் என்னைப் பீக்கரைத் தொடவே விடவில்லை. பாதுகாப்புப் பயிற்சி, அதற்கு ஒரு பரீட்சை. பன்னிரண்டு வருடமாக லேப் நடத்துகிறேன் என்றேன். "நல்லது, அப்படியானால் சீக்கிரம் தேறிவிடுவீர்கள்" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது தடவையில்தான் தேறினேன். ஸ்டாஃப் ரூமில் ரசாக் சாரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஆயுளுக்கும் கிண்டல் செய்வார்.

ஆனால் அக்கா, இங்கே ஒரு சோதனையைத் தொடங்கினால் முடியும்வரை அது ஓடுகிறது. கரண்ட் போகவில்லை, யாரும் பாதியில் கூப்பிட்டு இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கோலம் போடச் சொல்லவில்லை, கோடை விடுமுறையில் அட்மிஷனுக்கு எத்தனை பிள்ளைகளைப் பிடித்தாய் என்று கேட்க ஆளில்லை. என் மேசைக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. நாள் முழுக்க நான் யோசிப்பதை மட்டுமே செய்கிறேன். இது எனக்குப் பழகிவிடக்கூடாதே என்று பயமாகக்கூட இருக்கிறது.

பெண்டாட்டி இல்லாமல் ஜேம்ஸ் திண்டாடுகிறார். தினமும் பூந்தமல்லியிலிருந்து கூப்பிட்டு ரசப்பொடி எந்த டப்பாவில் என்கிறார். எனக்காக நீங்கள் இரண்டு பேர் வேலையைப் பார்ப்பதை நான் மறக்கவில்லை. ஜூலைக் கடைசியில் வந்து நிற்பேன். உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

உங்கள்,
ஜெபா


கோவில்பதாகை
16 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜெபா,

கிடைத்துவிட்டது. இரண்டு வருடம்.

செய்முறைத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தபோது மெயில் வந்தது. ஒரு பையனிடம் வைவா கேட்டுக்கொண்டே படித்தேன். அவன் சொன்ன பதில் தப்பு. "சரிப்பா, போ" என்று அனுப்பிவிட்டேன்.

வீட்டில் அவரிடம் சொன்னதும், "ரெண்டு வருஷமா? சுவேதாவ காலேஜ்ல சேர்க்க யாரு அலையறது?" என்றார். "நீங்கதான்." "சமையலு?" "அதுவும் நீங்கதான்." "அல்லாமே நான்தான்னா நீ எதுக்குப் போற? நானே போய் அந்த போஸ்ட்டாக் ஆராய்ச்சிய முடிச்சுகினு வந்துடறேன்" என்றார். சுவேதாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. மறுநாளே திருமழிசையில் அவர் கம்பெனி முழுக்கச் சொல்லிவிட்டார் போல. திருமுருகன் சம்சாரம் டாக்டருக்குப் படிக்க வெளிநாடு போகுதாம் என்று பேச்சு. மூட்டு வலிக்கு மாத்திரை கேட்டு ஒருவர் போனே செய்தார்.

செப்டம்பர் முதல் தேதிக்குள் நான் அங்கே சேர்ந்தாக வேண்டும். உனக்கு நகலே போதுமாயிருந்தது, என் விசாவுக்கு அசல் சான்றிதழ்கள் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளில் கல்லூரி வாங்கி வைத்துக்கொண்டது, உன்னுடையதைப் போலவே. நீ வரும் தேதியை எழுத்தில் கொடுத்தால் என் விடுப்பை ஒப்புக்கொண்டு சான்றிதழ்களையும் தருவதாக முதல்வர் சொல்கிறார். ஒரு வரி எழுதிப் போடு.

அன்புடன்,
நாகவல்லி


ஓலு
2 மார்ச் 2025

பிரியமுள்ள அக்கா,

எவ்வளவு சந்தோஷம்! கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அண்ணனுக்கும் சுவேதாவுக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். போர்ச்சுகலில் நல்ல மீன் கிடைக்குமாம். குளிரும் இங்கே மாதிரி இருக்காது.

இந்த வாரம் சோதனைகள் நெருக்கடியில் இருக்கின்றன. மற்றதை விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள்,
ஜெபா


கோவில்பதாகை
20 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜெபா,

அந்த 'மற்றது' இன்னும் வரவில்லை. இரண்டு முறை வாட்ஸப்பில் கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. வேலையாக இருப்பாய் என்று விட்டுவிட்டேன்.

எங்களுக்கு அட்மிஷன் வேட்டை தொடங்கிவிட்டது. நேற்று திருமழிசையில் வீடு வீடாகப் போனேன். சொர்ணம் என்று ஒரு அம்மா, ப்ளஸ் டூ எழுதிய பெண்ணின் தாய். நான் நோட்டீஸை நீட்டியதும், "போன வருசம் வந்த டீச்சரும் வேலை வாங்கித் தர்றேன்னு சொல்லிகினுதான் போச்சு. பக்கத்து ஊட்டுப் பையன் ஊட்லதான் குந்திகினு கீறான். நீ மொதல்ல மோரைக் குடி. வெயில்ல நீ வுயுந்துட்டா யாரு வேலை வாங்கித் தர்றது?" என்றார். மோரைக் குடித்துவிட்டு நோட்டீஸைக் கொடுக்காமலே வந்தேன்.

திரும்பும்போது பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் அருகே ஜேம்ஸைப் பார்த்தேன். துணிக்கடை வாசலில் நின்று ஸ்வெட்டர் அளவு பார்த்துக்கொண்டிருந்தார், சித்திரை வெயிலில். "யாருக்கு ஜேம்ஸ்?" என்றேன். "எனக்குத்தான்க்கா. அங்க அக்டோபர்லயே மைனஸ்ல போய்டுமாம்ல" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "ஜெபா இன்னும் சொல்லலியாக்கா?" என்று கேட்டுவிட்டு ஸ்வெட்டரை மடிக்க ஆரம்பித்தார். பாவம், கடைக்காரர் செய்ய வேண்டிய வேலை அது.

நான் மேலே எதுவும் கேட்கவில்லை. அது அவர் சொல்ல வேண்டியதல்ல. நீ சொல். ஜூலையில் வருகிறாயா, இல்லையா?

நாகவல்லி


ஓலு
27 ஏப்ரல் 2025

பிரியமுள்ள அக்கா,

வரவில்லை. இன்னும் ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். ஜேம்ஸ் வேலையை விட்டுவிட்டு இங்கே வருகிறார்.

ஜனவரியிலேயே நீட்டிப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். என் சோதனை அப்போதுதான் பலன் தரத் தொடங்கியது. ஜூலையில் கிளம்பினால் அதை வேறொருவர் முடித்துத் தன் பெயரில் வெளியிடுவார். அக்கா, எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உங்களுக்குக் கிடைக்காது என்று நினைத்துவிட்டேன். ஐந்து வருடமாக உங்களால் லேபில் நின்று சொந்த ஆராய்ச்சி எதுவும் செய்ய முடியவில்லை. இவ்வளவு பேர் விண்ணப்பிக்கும் இடத்தில் எப்படி என்று நினைத்தேன். உங்கள் செய்தி வந்தபோது என் நீட்டிப்புக்கு ஒப்புதல் வந்திருந்தது. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வேன்?

முதல்வருக்குப் போன மாதம் எழுதினேன். இன்னும் ஒரு வருடம் நீங்கள் என் வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டதாக எழுதியிருக்கிறேன். நீங்கள் மறுக்கமாட்டீர்கள் என்ற உரிமையில்தான் அக்கா. உங்கள் பேராசிரியையிடம் ஒரு வருடம் தள்ளிக் கேளுங்கள். நல்ல மனிதர்கள், கொடுப்பார்கள். அடுத்த ஜூலையில் நான் நிச்சயம் வந்துவிடுவேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்,
ஜெபா


கோவில்பதாகை
8 ஜூன் 2025

ஜெபா,

நீ சொன்னபடியே முதலில் தள்ளிக் கேட்டேன். பேராசிரியை அன்றே பதில் எழுதினார். பிரசவத்துக்கும் நோய்க்கும் மட்டும்தான் தள்ளிப்போட விதி இருக்கிறதாம். தனக்கு வருத்தம் என்றும், நான் வருவேன் என்று நம்புவதாகவும் எழுதியிருந்தார்.

பிறகு முதல்வரைப் பார்த்தேன். "ஜெபா மேடம் நீங்க ஒத்துக்கிட்டதா மெயில் போட்டிருக்காங்களேம்மா?" என்றார். "என்னை யாரும் கேட்கலை சார்" என்றேன். "அப்போ அவங்க லீவு?" என்றார். "அது அவங்களும் நீங்களும் பேசிக்க வேண்டியது சார்." பேனாவை உருட்டிக்கொண்டே, இரண்டு பேரும் இல்லாமல் துறை நடக்காது, விடுப்பு தர வழியே இல்லை என்றார். ராஜினாமாவை அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.

வீட்டில் அவர் கேட்டது ஒன்றுதான். "திரும்பி வந்தா வேலை?" "தேடணும்." "நான் மாறாத கம்பெனியா? தேடிக்கலாம், போ" என்றார். சுவேதா அருகிலேயே ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அலைந்தது அவர்தான்.

ஆபீஸில் கார்த்திகா என் சான்றிதழ்களைத் தந்துவிட்டாள். உன்னுடையது அங்கேயே இருக்கிறது. ஆகஸ்ட் முதல் தேதிக்குள் வந்து சேரும்படி உனக்கு உத்தரவு வரும். வராவிட்டால் வேலையை விட்டதாக எடுத்துக்கொள்வார்கள். நான் இருந்தவரை உன் இடம் இருந்தது. இனி இருக்காது. இதைத் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். ஜேம்ஸ் கிளம்புவதற்கு முன் அவர் கையில் உன் சான்றிதழ்களை வாங்கச் சொல். உன் கையெழுத்தோடு ஓர் அனுமதிக் கடிதம் இருந்தால் கொடுப்பார்களாம், விசாரித்துவிட்டேன்.

உன் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் நீட்டிப்புக்கு எழுதிக் கொடுத்திருப்பேன். அதற்காக உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குக் கிடைக்காது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் பலமுறை படித்தேன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உன்னிடம் சொல்லியும் இருப்பேன். நான் அப்படிச் சொன்னபோதெல்லாம் நீ, "சும்மா இருங்க அக்கா, கண்டிப்பா கிடைக்கும்" என்பாய். அதை நான் நம்பியிருந்தேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. அந்தப் பேச்சில்தான் நான் விண்ணப்பத்தையே எழுதி முடித்தேன். அதற்கு நன்றி.

உன் வகுப்பின் மதிப்பெண்களை எல்லாம் ஏற்றிவிட்டேன். யாரும் ஃபெயில் இல்லை. ஆகஸ்ட் கடைசி வாரம் கிளம்புகிறேன்.

அங்கே எனக்கு நேரம் நிறைய இருக்கும். உனக்கு எழுதுவேனா என்று மட்டும் இப்போது சொல்லத் தெரியவில்லை.

நாகவல்லி