பதில் வந்து சேர்வதற்குள்

ஏப்ரல் 15, திங்கள்

மருந்தியல் வகுப்பில் எங்கள் வாத்தியார் தாலாய்பெக் அகாய் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பாடம் சொன்னார். என் நோட்டில் மூன்று வரி முழுசாக இருக்கிறது. பிறகு பாதி வரிகள். பிறகு வெறும் முதல் சொற்கள். ஒரு வாக்கியத்தைப் பிடித்து நான் உள்ளே வைப்பதற்குள் அவர் நாலு வாக்கியம் தாண்டிவிடுகிறார். எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். அவர் சொன்ன ஜோக் டிராலிபஸ்ஸில் வரும்போதுதான் புரிந்தது. நல்ல ஜோக்தான். தனியாகச் சிரித்தால் பார்ப்பார்களே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதியத்துக்கு மேல் மருந்துக்கடை. ஓஷ் பஜாரை ஒட்டிய கடை, கூட்டத்துக்குக் குறைவில்லை. கூட வேலை செய்யும் தில்பர் இரண்டு பேரிடம் பேசிக்கொண்டே மூன்றாவது ஆளுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறாள், நடுவில் சம்சாவையும் ஒரு கடி கடித்துக்கொள்கிறாள். "எல்நூரா, நீ என்ன வேணும்னு கேக்குறதுக்குள்ள அந்தம்மாவுக்கு ஜலதோஷமே போயிடுச்சுடி" என்றாள். அவள் சொன்னால் எனக்குக் கோபம் வராது. வரிசை நீளும்போது என் பக்கத்து ஆட்களையும் தன் பக்கம் கூப்பிட்டுக்கொள்கிறவள் அவள்தானே.

கடை முதலாளி ரோஸா அக்கா என்னை நிதானமான பெண் என்று நம்புகிறார். "எல்நூரா யோசிச்சுத்தான் குடுப்பா" என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்கிறார். நான் யோசிப்பதில்லை, அக்கா. காத்திருக்கிறேன். நீங்கள் சொன்னது எனக்கு வந்து சேர வேண்டுமே.

ஏப்ரல் 16

எங்கள் ஊர் நாரினிலிருந்து அம்மா போன். "கேக்குதா? ஏய், கேக்குதா?" என்று நாலு தடவை. கேட்கிறது, அம்மா. காதில் ஒன்றுமில்லை என்று மூன்று டாக்டர்கள் சொல்லியாகிவிட்டது.

ஏப்ரல் 19, வெள்ளி

இன்று கணக்கு வைத்துப் பார்த்தேன். புரியாமலே பதினெட்டு தடவை தலையாட்டியிருக்கிறேன். 'ம்', 'ஆமா', 'சரிங்க'. பள்ளிக்கூடத்தில் பழகியது. 'என்ன?' என்று இரண்டாம் தடவை கேட்டால் எதிரில் இருப்பவரின் முகம் மாறிவிடும். தலையாட்டினால் மாறாது. பெரும்பாலும் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. பெரும்பாலும்.

ஏப்ரல் 23, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

மூன்று மணி இருக்கும். வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெரியவர் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டார். எடுத்து வைத்தேன். அப்புறம் ஏதோ கேட்டார். அவருக்குப் பின்னால் ஆறேழு பேர். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி "சீக்கிரம்மா, சீக்கிரம்" என்று நச்சரித்தாள். பெரியவரின் சொற்கள் காதில் விழுந்துவிட்டன. இன்னும் ஒரு கேள்வியாகச் சேரவில்லை. நான் தலையாட்டினேன். "தாராளமா" என்று வேறு சொன்னேன். தாராளமா! அவர் என்னை வாழ்த்திவிட்டுப் போனார்.

நாலரைக்கு வேலை முடிந்து வேனில் ஏறினேன். இரண்டு நிறுத்தம் போயிருக்கும். எதையும் நினைக்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வி முழுசாக வந்து நின்றது. "இதயத்துக்கு டாக்டர் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்திருக்காரும்மா. அதோட இதையும் போடலாமா?"

கூடாது. இரண்டையும் சேர்த்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும். புத்தகத்தில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன பிரயோசனம்? ஒன்றரை மணி நேரம் கழிச்சுத் தெரிஞ்சு என்ன பிரயோசனம்?

இறங்கி ஓடினேன். பஜாரின் உலர்பழச் சந்து, ரொட்டிச் சந்து, மீண்டும் உலர்பழச் சந்து. வெள்ளைத் தொப்பிப் பெரியவர்கள்தான் எத்தனை பேர்! மூன்று பேரின் முகத்துக்கு நேராகப் போய் நின்றேன். ஒருவர் பயந்தே போனார். அவர் இல்லை.

கடைக்குள் போனேன். "என்னடி இப்படி மூச்சு வாங்குது? எதை விட்டுட்டுப் போன?" என்றாள் தில்பர்.

"குடை" என்றேன்.

இந்தப் பொய் மட்டும் எப்படி உடனே வந்தது?

ஏப்ரல் 25

நேற்றும் இன்றும் அவர் வரவில்லை. மாத்திரையைப் போடாமலே வைத்திருக்கலாம். ஒன்றிரண்டோடு வலி விட்டிருக்கலாம். ரோஸா அக்காவிடம் சொல்லிவிட வேண்டும். நாளைக்கு.

ஏப்ரல் 26

நாளைக்கு.

ஏப்ரல் 29, திங்கள்

ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். எங்கள் கடைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை எங்கப்பாவுக்கு இதைக் குடுத்தது யாரு?"

சத்தம் போடவில்லை. அதனாலேயே பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை ரத்த வாந்தியாம். ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். "கேட்டுட்டுத்தான் வாங்கினேன், கடைப் பொண்ணு தாராளமாப் போடுங்கன்னு சொல்லிச்சுங்கறாரு" என்றாள்.

ரோஸா அக்கா தில்பரையும் என்னையும் பார்த்தார். "யாரு?"

நான்தான் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். ஆனால் அந்தப் பெண் என்னவோ சொன்னாள், தில்பர் என்னவோ கேட்டாள், அக்கா இருவரையும் அதட்டினார். எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது. ரத்த வாந்தி என்ற இடத்திலேயே நான் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். நான் நிமிர்ந்து பார்த்தபோது அக்கா தில்பரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"கேள்வியை முழுசாக் கேட்டுட்டுப் பதில் சொல்லுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிடுவியா?"

"நான் இல்லக்கா. சத்தியமா நான் இல்ல."

"அப்ப யாரு, எல்நூராவா? இருமல் மருந்து குடுக்குறதுக்கே மூணு தடவை படிச்சுப் பாக்குறவ அவ!"

தில்பர் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். இல்லை, எனக்கே ரொம்ப நேரமாகத் தெரிந்திருக்கிறது என்றால் அது உண்மையிலேயே ரொம்ப நேரம்தான். என் வாய் திறந்தபடி இருந்தது. அவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மேஜைமேல் எறிந்தாள். "உங்க வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்." கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

"நான்தான்" என்று சொன்னேன். சொல்லத்தான் செய்தேன். அப்போது கடையில் யாரும் இல்லை. ரோஸா அக்கா அந்தப் பெண்ணோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

ஏப்ரல் 30

காலையில் கடை திறக்கும்போதே போய்ச் சொல்லிவிட்டேன். இரவெல்லாம் மனப்பாடம் செய்த நாலு வரி. நாலும் வந்துவிட்டன.

ரோஸா அக்கா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "நேத்து ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன்கா. யாராவது வேகமாப் பேசினா எனக்குக் கொஞ்சம் நேரமாகும். வந்து சேர்றதுக்கு—"

"நேரமாகுமா? அதுக்குப் பேரு பயம், எல்நூரா. பயம்."

"இல்லக்கா—"

"சரி, நேத்துதான் நேரமாச்சு. ஒரு வாரம் இருந்துச்சே. ஒரு வாரமா வந்து சேரல?"

நேற்று என்னைத் தடுத்தது என் தாமதமா, என் பயமா? ரெண்டும் ஒரே வாசல் வழியா வருதே, நான் எப்படிப் பிரிச்சுப் பாக்குறது? இருபது வருஷமா இந்தத் தலைக்குள்ளதான் இருக்கேன், எனக்கே தெரியல.

என் முன்னாலேயே அக்கா தில்பருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். மறுமுனையில் கத்தல் கேட்டது. "வர மாட்டேங்குறா" என்று போனை வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "நீயும் வராத" என்றார்.

மே 3

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் அந்த மகள், கையில் சூப்புப் பாத்திரத்தோடு. நான் யார் என்று சொன்னேன். பாத்திரத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"பொழைச்சுட்டாரு. திங்கள்கிழமை வீட்டுக்கு அனுப்புறாங்க. நீ உள்ள வர வேணாம்."

வாசலிலேயே திரும்பிவிட்டேன். பிழைத்துவிட்டார். பிழைத்துவிட்டார். பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. அதுவும் தாமதமாகத்தான்.

மே 5

தில்பருக்கு இன்றோடு பதினொரு தடவை போன். எடுக்கவில்லை.

மே 13, திங்கள்

அரசுத் தேர்வில் எனக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்குமா என்று தாலாய்பெக் அகாயிடம் கேட்டேன். பாடமெல்லாம் படித்திருக்கிறேன், கேள்விகளை எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லிவிடுவேன் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"டாக்டர் சர்டிபிகேட் இருக்கா?"

"இல்ல அகாய். இதுக்கு என்ன பேருன்னே யாரும் சொல்லல."

"பேரே இல்லாத ஒண்ணுக்கு நான் என்னன்னு மனு எழுதுறது?" பேனாவை மூடினார். "கோவிச்சுக்காதம்மா, ஒண்ணு கேக்குறேன். நாளைக்கு கடையில ஒரு நோயாளி வந்து நின்னா, அவன்கிட்டயும் எழுதிக் குடுன்னு கேப்பியா?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே சரியான இடத்தில் கேட்டுவிட்டார்.

ஜூன் 20, வியாழன்

தேர்வு. கேள்விச் சீட்டு எடுத்தேன், பதினான்காம் எண். மூன்று கேள்வியும் தெரியும். தயாரிக்கக் கொடுத்த இருபது நிமிஷத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். தேர்வுக் குழுவின் முன் உட்கார்ந்து வாசித்தபோது நடுவில் இருந்த பெண் தேர்வாளர் தலையசைத்துக்கொண்டே கேட்டார். அதோடு விட்டிருக்கலாம்.

"ஒரே ஒரு கூடுதல் கேள்வி" என்றார்.

சின்னக் கேள்வி. குழந்தைக்கு அளவு கணக்கிடுவது. அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாம்மா" என்றார். அந்த வாக்கியமும் கேள்வியின் மேல் விழுந்துவிட்டது. "அடுத்த ஆள்."

தாழ்வாரத்தின் கடைசி வரை போவதற்குள் விடை வந்துவிட்டது. ஓடிவந்து கதவைத் தட்டிச் சொன்னேன், சரியாகச் சொன்னேன். "மார்க் போட்டாச்சும்மா" என்றார், அன்பாகவே.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண். தேறியாகிவிட்டது.

ஜூலை 2

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்கப்பாவும் இப்படித்தான்டி. கோவிச்சுக்கிட்டாரு, பேச மாட்டேங்குறாருன்னு நான் நெனச்சுட்டே இருந்துட்டேன்" என்றாள்.

அப்பா இறந்து ஆறு வருஷம்.

ஆகஸ்ட் 9

நகரத்துக்கு வெளியே ஒரு மருந்துக் கிடங்கில் வேலை. பெட்டிகளின் காலாவதித் தேதி பார்க்க வேண்டும். பெட்டிகள் கேள்வி கேட்பதில்லை. ஆனால் இன்று சரக்குத் தூக்கும் வண்டி பின்னால் வந்தபோது "ஒதுங்கு!" என்று கத்தினார்களாம். ஒதுங்கினேன், வண்டி நின்ற பிறகு. ஓட்டுகிறவர் முகமெல்லாம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். எங்கே போனாலும் இதையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

தில்பர் தோர்தோய் சந்தையில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனேன். குழந்தைகள் ஜாக்கெட் விற்கிறாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த, துணி மாட்டும் கொக்கிக் கம்பைக் கீழே வைத்தாள், ஆரம்பித்துவிட்டாள். அவள் வேகம்! நாலு மாதத்தையும் ஒரே மூச்சில் கொட்டினாள். நான் நின்றேன். பாதிகூட வரவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நில்லு தில்பர்" என்றேன். "மெதுவாச் சொல்லு. நான் முழுசாக் கேக்கணும்."

"திட்டுறதைக்கூட உனக்கு மெதுவாத் திட்டணுமா?"

"ஆமா."

என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னாள். ஒவ்வொரு சொல்லாக, நடுவில் நிறுத்தி நிறுத்தி. அக்கா கத்தினது பஜார் பூராக் கேட்டிருக்கிறது. வேறு எந்த மருந்துக்கடையும் அவளைச் சேர்க்கவில்லை. படித்த படிப்பு பெட்டியில் கிடக்கிறது. "நீ சொல்லுவேன்னு நெனச்சுத்தான்டி அன்னிக்கு உன்னைப் பாத்தேன்" என்றாள்.

ஒவ்வொன்றும் அவள் சொல்லும்போதே வந்து சேர்ந்தது. அவள் முகத்துக்கு எதிரிலேயே வலித்தது. வலித்தது அவளுக்கும் தெரிந்தது.

"கடைசியாச் சொன்னதை மட்டும் இன்னொரு தடவை சொல்றியா?" என்றேன்.

சொன்னாள்.