நாலாவது பாட்டு

அக்கா,

போன் செய்தால் எடுக்கிறாய். உன் மூச்சு மட்டும் கேட்கிறது. நான் எதையாவது உளறிவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஆல்பம் வெளிவந்துவிட்டது. உன் தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு வேறு பாடகியைத் தேடலாம் என்றார் டிரம்மர். எனக்கு மனசு வரவில்லை. நீ எழுதிய பாட்டுகளை நானே பாடினேன்.

ரெக்கார்டிங் அறையில் கதவைச் சாத்தினால் எச்சில் விழுங்கும் சத்தம்கூடக் கேட்கும். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் சவுண்ட் இன்ஜினியர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அக்கா மாதிரியே பாடப் பாக்காதீங்கம்மா. உங்க குரல்ல பாடுங்க."

என் குரல் எதுவென்று எனக்குத் தெரிந்தால்தானே! கிடாருக்குப் பின்னாலேயே ஒளிந்து பழகியவள். ஒருவழியாக முடித்தேன்.

நாலாவது பாட்டை மட்டும் பாடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் நீ எழுதியது அது. வாயைத் திறந்தேன், வரவில்லை. வெறும் இசையாகவே விட்டுவிட்டோம்.

வெளியீட்டுக்கு நல்ல கூட்டம். கைதட்டல் எழுந்தபோது, பழக்கதோஷம், நீ நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஸ்பீக்கர் பெட்டியை வைத்திருந்தார்கள்.

கையெழுத்து வாங்க வந்த ஒரு பெண் கேட்டாள், "நாலாவது பாட்டுல ஏன் யாருமே பாடல?"

"பாட வேண்டியவங்க இன்னும் வரல."

ஜோக் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

எல்லாரும் கிளம்பிய பிறகு ஒயர்களைச் சுருட்டினேன். ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சுருட்டுவோமே, தனியாகச் செய்தால் முறுக்கிக்கொண்டே போகிறது.

உன் தங்கச்சி