ஜோர்ஜியா மலைக்கு என் பொருத்தம்

கல்முனைக்குடி
12.05.2025

அன்பு மகள் நுஸ்ஹா அறிய உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் வாப்பாவும் சுகமாக இருக்கிறோம், கட்டாரில் நீயும் மருமகன் றிபாத்தும் பேரன் முர்ஷித்தும் பல் முளைக்கிற என் றஸ்னாக்குட்டியும் அதேபோல இருக்க ஐந்து நேரமும் துஆக் கேட்கிறேன். போன் இருக்கும்போது உம்மாவுக்கு என்ன கடிதம் என்று நீ யோசிப்பாய். போனில் கதைத்தால் நான் ஒன்றில் அழுவேன், இல்லாவிட்டால் ஏசுவேன், அது உனக்கும் தெரியும். பக்கத்து வீட்டு றமீஸ் வியாழக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். வாப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு, ஆனாலும் சொல்வழி கேளாமல் நற்பிட்டிமுனை வயலுக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறார். சிறுபோகம் விதைத்து முடிந்தது. வெயில் என்றால் அப்படி வெயில், பகலில் வீட்டுக்குள்ளும் இருக்க முடியவில்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன். ஹஜ்ஜுப் பெருநாள் லீவில் ஜோர்ஜியா நாட்டுக்குப் போகிறோம், ஆறு நாள் மலையில் நடக்கப் போகிறோம், முர்ஷித்தை றிபாத்தும் றஸ்னாவை நானும் முதுகில் தூக்கிக்கொள்வோம் என்று நீ வொய்ஸ் அனுப்பினாய் அல்லவா, அதை நான் மூன்று தரம் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். மூன்று வயதுப் பிள்ளையையும் ஒன்பது மாதப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஒருத்தி எதற்கு மலை ஏறுவாள்? நேர்ச்சைக்குத்தான் ஏறுவாள். இரண்டு வயதாகியும் நீ எழும்பி நடக்காதபோது நானும் வாப்பாவும் நேர்ச்சை வைத்து உன்னைத் தூக்கிக்கொண்டு ஜெய்லானி மலைக்குப் போனோம். பிள்ளையும் மலையும் என்றால் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஆகவே றஸ்னாவுக்கு ஏதோ பெரிய நோய் வருத்தம், நீங்கள் இரண்டு பேரும் எங்களுக்கு மறைக்கிறீர்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். யாசீன் ஓதினேன். மறுநாள் நேர்ச்சைக் கஞ்சி காய்ச்சி ஒழுங்கை முழுக்க வீடு வீடாக நார்சா கொடுத்தேன். முன்வீட்டு லைலா கஞ்சிக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டே, என்ன கா சுபைறா, ஆருக்கு என்ன வருத்தம் என்று கேட்டாள். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? அசர் தொழுகைக்குள் ஒழுங்கையே வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனது.

அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் எடுத்தேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, சும்மா பார்க்கத்தான் போகிறோம் என்று நீ சிரித்தாய். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லியிருக்க வேண்டும் நான். ஊருக்கு முன்னால் வெட்கப்பட்டுப் போனேனே என்ற கோபத்தில், சும்மா பாக்கிறதுக்காடி பச்சப் புள்ளய மலைக்குத் தூக்கிட்டுப் போற, நீயெல்லாம் ஒரு தாயா, இந்தப் பயணத்துக்கு என்ட சம்மதமும் இல்ல, பொருத்தமும் இல்ல என்று கத்திவிட்டேன். நீங்க எங்கள எங்கயாவது சும்மா கூட்டிப் போயிருக்கீங்களா உம்மா என்று மெதுவாகக் கேட்டுவிட்டு நீ போனை வைத்தாய். அன்றிலிருந்து பத்தொன்பது நாள். பிள்ளைகளின் படம் வருகிறது, உன் குரல் வரவில்லை. உம்மாவின் பொருத்தம் இல்லாமல் டிக்கட் போடமாட்டேன் என்று நீ இருப்பதாக மருமகன் வாப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

மருமகன் கெட்டிக்காரர், என்னோடு வாதாடவில்லை. நீ எழுதி வைத்திருந்த பயணத் திட்டத்தை அப்படியே வாப்பாவுக்கு அனுப்பினார். வாப்பா அதைச் சந்திக் கடையில் பிரிண்ட் எடுத்து வந்து, ஏழு தாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டினார். ஒரு குறையாவது பிடிக்க வேண்டும் என்றுதான் நான் உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு நாலு கிலோமீற்றருக்கு மேல் இல்லை. பிள்ளைகளுக்கு நித்திரை வரும் நேரத்துக்கு நிழல் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்திருக்கிறாய். பிளேன் இறங்கும்போது காது வலிக்காமல் இருக்க றஸ்னாவுக்குப் பால் கொடுக்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறாய். முர்ஷித் கல் பொறுக்குவதற்குத் தனியாக அரை மணி நேரம்! அதற்கு வாப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். கட்டாரில் மேடு இல்லையென்று, பிள்ளை தூக்கும் பைக்குள் பத்துக் கிலோ அரிசியை வைத்து ஒன்பது மாடிப் படியையும் இரண்டு பேரும் மாதக்கணக்காக ஏறி இறங்கிப் பழகியிருக்கிறீர்கள். இதையெல்லாம் எனக்குச் சொல்லவே இல்லையே நீ.

ஒவ்வொரு நாளின் அடியிலும் திரும்பும் இடம் என்று ஒன்று குறித்திருக்கிறாய் பார், அதை மட்டும் வாப்பாவை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். மழை இருட்டினால் இந்தப் பாலத்தோடு திரும்பு, பிள்ளை சாப்பிட மறுத்தால் இந்த வீட்டோடு திரும்பு, ஆஸ்பத்திரி இவ்வளவு தூரம். அவ்வளவு காசு செலவழித்துப் போய், அரைவாசியில் திரும்பி வருவதையும் முன்கூட்டியே யோசித்து வைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? வாப்பா தாளை மடித்து வைத்துவிட்டு, என்ட மகள் தண்ணி வரக்கு முன்னயே வரம்பக் கட்டி வெச்சிருக்காள் என்றார். நானும் ஓம் என்றேன். குறை ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது, பிள்ளைகளுக்குப் பூச ஓடிக்கொலோன் எழுதவில்லை. இரண்டு போத்தல் றமீஸிடம் கொடுத்திருக்கிறேன். றஸ்னாவுக்குக் கூழ் காய்ச்ச வறுத்த பயற்றம்மாவும் இருக்கிறது, ஈரக் கரண்டி போடாதே. மலைக்காற்று பொல்லாதது, காதை மூடித் தொப்பி போடு. மஃரிப் நேரம் பிள்ளைகளை வெளியில் வைத்திராதே, ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதிவிடு.

அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். இல்லை மகள், ஒருநாளும் சும்மா கூட்டிப் போகவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்கு நடந்திருக்கிறேன், நேர்ச்சைக்கு நடந்திருக்கிறேன். சுனாமி அன்று ஒன்பது வயதுப் பிள்ளை உன்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு நற்பிட்டிமுனைப் பக்கம் ஓடியிருக்கிறேன், செருப்பில்லாத உன் காலில் இரத்தம் வந்ததை அங்கே போய்த்தான் கண்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கினால் பின்னால் ஒரு பயம் இருக்க வேண்டும் என்றே நான் பழகிவிட்டேன். என் உம்மாவும் அப்படித்தான். பயம் எதுவும் துரத்தாமல், பிள்ளை பூவையும் ஆட்டையும் பார்க்கட்டும் என்று தூக்கிக்கொண்டு நடக்கிற முதல் ஆள் நம் குடும்பத்தில் நீதான். உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுதத் தெரியவில்லை. லைலாவிடமும் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். நேர்ச்சை இல்லையா, பின்ன என்னத்துக்கு என்று கேட்டாள். சந்தோசத்துக்கு என்றேன். அவள் நம்பவில்லை.

பயணம் போகிறவர்தான் பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்டு வாசல் இறங்குவது நம் வழக்கம். இந்தப் பயணத்தில் கேட்க வேண்டியவள் நான். நீயெல்லாம் ஒரு தாயா என்று நான் சொன்னதை மன்னித்துவிடு மகள். என் பொருத்தம் முழுவதும் உனக்கு உண்டு, இன்றைக்கே டிக்கட்டைப் போடு. போகும் வழியையும் வரும் வழியையும் அல்லாஹ் லேசாக்கி, உங்கள் நாலு பேரையும் ஆபத்து அண்டாமல் காப்பானாக, ஆமீன். வாப்பா எல்லோருக்கும் ஸலாம் சொல்கிறார். பாஸ்போட்டை ஒரே பையில் வைக்காதீர்கள். கடிதம் கிடைத்ததும் போன் எடு, நீ சொல்லி முடிக்கும் வரைக்கும் நான் வாய் திறக்கமாட்டேன்.

உன் உம்மா
மீ. சுபைறா