கையை எடு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாயாடித் தம்பி எழுதுவது. போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய், அதனால்தான் கடிதம்.

நம் பாட்டு இங்கே பிய்த்துக்கொண்டு போகிறது. நான் மூச்சு முட்ட ராப் பாடினாலும், நடுவில் வரும் உன் "கையை எடு"தான் கூட்டத்தை எழுப்புகிறது. கம்பெனியில் பிரஸ் மிஷின் இறங்குமுன் நீ போடும் சத்தம். குரலைக் கொஞ்சம் மாற்றிவிட்டேன், யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். உன் முதலாளிக்குத் தெரிந்துவிட்டது.

அவருடைய ஆள் கூப்பிட்டார். நம் தெருப் பிள்ளைகளுக்கு இசைக்கூடம் கட்டித் தருவார்களாம், திறப்பு விழாவில் நான் பாட வேண்டுமாம். பாட்டிலிருந்து உன் குரலையும் மிஷின் வரிகளையும் மட்டும் எடுத்துவிட வேண்டும். உன் வேலைக்கும் பங்கம் வராதாம். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எத்தனை வருஷமாகப் புலம்புகிறேன். எடுத்துவிடட்டுமா?

உன்,
வாயாடி

மார்ச் 13

என் அருமை வாயாடிக்கு,

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? போட்டோவில் எலும்பும் தோலுமாய் நிற்கிறாய்.

குரலை மாற்றினாயாம். நாள் முழுக்க என் சத்தத்தைக் கேட்டுத்தான் இங்கே எல்லாரும் கையை இழுக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாதா?

மிஷினுக்குள் கை போகாமல் காக்கும் தடுப்புக் கம்பி உடைந்ததிலிருந்து நான் கத்துகிறேன். "இந்த ஆர்டர் முடியட்டும்மா, மாத்திடலாம்" என்று மேனேஜர் சொல்லிச் சொல்லியே, என்னோடு வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கு இரண்டு விரல் போயிற்று. அன்றைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒருத்தி தொண்டையை நம்பியா மிஷின் ஓட்டுவது?

மேனேஜர் பாட்டைப் போட்டு, "இது உன் குரலாம்மா?" என்றார். "ஆமா சார், இன்னும் சத்தமா வேணுமா?" என்றேன். வேலைக்கு வர வேண்டாம் என்றார். கத்த ஆளில்லாத மிஷினில் கை வைக்கமாட்டோம் என்று மொத்தச் செக்‌ஷனும் என் பின்னாலேயே வந்துவிட்டது. இப்போது எல்லாரும் கம்பெனி கேட்டில்தான் உட்கார்ந்திருக்கிறோம். உன் பாட்டுதான் ஓடுகிறது.

அதில் ஒரு சொல்லைத் தொடாதே. குரலை எடுத்துவிட்டு வந்தாயானால் நம் வீட்டு வாசலை மிதிக்காதே. பிள்ளைகள் நம் முன்னறையில் பாடிக்கொள்ளட்டும்.

ஆசையும் கோபமுமாக,
அக்கா

மார்ச் 22

அக்கா,

விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "நல்லது செய்ய வந்தா ஏன் தம்பி முறைக்கிறீங்க?" என்றார் அந்த ஆள். "முதல்ல கம்பிய மாட்டுங்க" என்று போனை வைத்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன். ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர். வீட்டுக்கு அப்புறம், முதலில் கேட்டுக்கு. வெந்நீர் குடித்துத் தொண்டையைப் பார்த்துக்கொள். நீ கத்தினால்தான் நான் பாட ஆரம்பிப்பேன்.

வாயாடி