வேறு நிறத்தில் ஒரு கை

என் கண்ணான மகனுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்ற நினைப்பிலேயே எழுதுகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. போனில் சொல்ல எனக்குத் தெம்பில்லையடா. நம் நெட்டையன் போய்விட்டான்.

நம் ஊரும் அவன் ஊரும் சகோதர நகரங்கள் என்று கையெழுத்தான வருஷம் வெளிநாட்டிலிருந்து ஓவிய வாத்தியாராக வந்து, பத்து மாதம் உன் அறையில் உன்னோடு கிடந்த பிள்ளை. அடுக்களை நிலையில் தினமும் தலையை இடித்துக்கொள்கிறானே என்று அப்பா சுற்றிய துணி இன்னும் அப்படியே இருக்கிறது. அங்கே நிலநடுக்கம் என்றதும் நகராட்சியில் நிவாரணப் பெட்டி கட்டினோம், யார் வீட்டில் யார் தங்கினார்களோ அவர்கள் பேருக்கு ஒன்று. நானும் கம்பளி, மாத்திரை, டார்ச் எல்லாம் வைத்து அனுப்பினேன். அவர்கள் ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, வந்த பெட்டியை வெறுமனே திருப்பமாட்டார்கள். போன வாரம் பெட்டி திரும்பி வந்தது, நல்ல கனம். கனத்தைப் பார்த்ததும் பிள்ளை பிழைத்துவிட்டான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன், பாவி. திறந்தால் அவனுடைய வண்ணப்பெட்டி, புத்தகங்கள், அடியில் ஊசியோடு பாதி பின்னிய ஸ்வெட்டர். அவன் அம்மாவின் கடிதத்தை நகராட்சி மொழிபெயர்ப்பாளர் வந்து வாசித்தார். பள்ளிக்கூடம் சரிந்தபோது பிள்ளைகளையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டுக் கடைசியாக வந்தானாம். அவன் வாசலைத் தாண்டுமுன் மீதிக் கட்டிடமும் விழுந்துவிட்டதாம். “என் புள்ளைக்குப் பின்னிக்கிட்டிருந்தேன், ஒரு கை பாக்கி. உங்க புள்ளைக்காவது முடிச்சுப் போடுங்க”ன்னு எழுதியிருக்காங்கம்மா என்றார். கொடுத்த காப்பியைத் தொடாமல் போய்விட்டார். அப்பா அடுக்களை நிலையில் சுற்றிய அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

அந்தச் சாம்பல் நிறம் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. என்னிடம் இருந்த நீல நூலில் பாக்கிக் கையைப் பின்னி, இத்தோடு அனுப்பியிருக்கிறேன். உனக்குத் தொளதொளவென்றுதான் இருக்கும், விரலெல்லாம் மூடும், மடித்துவிட்டுக்கொள். அவன் அளவைக் குறைக்க எனக்கு மனசு வரவில்லை. வேளைக்குச் சாப்பிடு. பனியில் தலைக்குக் கட்டாமல் திரியாதே. நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், உன்னிடம் வேறொன்றும் கேட்கமாட்டேன்.

மறந்துவிடாதே, அதைப் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பெட்டி இங்கே காலியாகக் கிடக்கிறது. அந்த அம்மாவுக்கு அதை வெறுமனே திருப்பக் கூடாது, உள்ளே வைக்க எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா